வாணிக்கு ராணி வேண்டாம்

1974இல் வந்த 'வாணி ராணி'யில் வாணிஸ்ரீக்கு இரட்டை வேடம். ஒருத்தி வாணி, சொத்துக்கு உரியவள். ஆனாலும் சொந்த வீட்டிலேயே உறவுக்காரர்களுக்கு எடுபிடி. அதட்டினால் அழுவாள், அடித்தால் வாங்கிக்கொள்வாள். இன்னொருத்தி ராணி, வாய்த்துடுக்கும் கைவேகமும் உள்ளவள். ஆள் மாறாட்டம் நடக்கிறது. துடுக்குக்காரி மாளிகைக்குள் புகுந்து, அதுவரை உட்கார்ந்து அதிகாரம் செய்தவர்களை எழுப்பி வேலை வாங்குகிறாள். பார்க்கிறவர்களுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. ஆனால் அந்தக் கொண்டாட்டம் நடக்கும்போது பயந்தவள் எங்கே இருக்கிறாள் என்று கவனித்தால் கொஞ்சம் சப்பென்று ஆகிவிடும். அவள் வேறொரு வீட்டில், அதே அடக்க ஒடுக்கத்தோடு இருக்கிறாள். திட்டியவர்களைத் திருப்பித் திட்டியது அவளல்ல. அவளுடைய முகம் மட்டும்தான்.

இந்தக் கதைக்கு நீண்ட வம்சாவளி உண்டு. 1964இல் தாபி சாணக்யா இயக்கி என்.டி.ராமராவ் நடித்த தெலுங்குப் படம் 'ராமுடு பீமுடு'. அடுத்த ஆண்டு பொங்கலுக்கு அதே இயக்குநர் தமிழில் தந்தது 'எங்க வீட்டுப் பிள்ளை'. மைத்துனன் சவுக்கைக் கண்டு நடுங்கும் ராமுவும், அந்தச் சவுக்கையே பிடுங்கிச் சுழற்றும் இளங்கோவும் எம்.ஜி.ஆர். தான். 1967இல் அது திலீப்குமாருக்காக இந்திக்குப் போனது. 1972இல் சலீம்-ஜாவேத் ஒரு வேலை செய்தார்கள்: ஆண் இரட்டையரைப் பெண் இரட்டையராக்கி 'சீதா அவுர் கீதா' எழுதினார்கள். நடித்தவர் ஹேமமாலினி. 'வெண்ணிற ஆடை'க்குச் சரிப்படமாட்டார் என்று இயக்குநர் ஸ்ரீதர் விட்டுவிட்ட அதே தமிழ்ப்பெண், இந்தப் படத்துக்குப் பிலிம்பேர் விருது வாங்கினார். பிறகு கதை 1973இல் தெலுங்கில் 'கங்கா மங்கா'வாகித் தமிழுக்கு 'வாணி ராணி'யாகத் திரும்பி வந்தது. பத்தாண்டுகளில் மூன்று மொழி, ஆறு படம். எல்லாவற்றிலும் ஒரே மருந்து: கோழைக்குத் துணிவு வராது, துணிவுள்ள உடன்பிறப்பு வரும்.

பயந்த பெண் தானாக மாறுவதை நம்பத் தமிழ் சினிமாவுக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்டால், பக்கத்துத் தெருவைப் பார்க்க வேண்டும். அங்கே கூட்டம் அலைமோதுகிறது. அடங்காதவளை அடக்கும் கதைகளின் தெரு அது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தைத் தழுவி 1963இல் பானுமதியைச் சிவாஜி வழிக்குக் கொண்டுவரும் 'அறிவாளி', 1972இல் ஜெயலலிதாவுக்கு அதே வைத்தியம் செய்யும் 'பட்டிக்காடா பட்டணமா', 1992இல் விஜயசாந்தியின் தொழிலதிபர் மிடுக்கை ரஜினிகாந்த் இறக்கி வைக்கும் 'மன்னன்'. முப்பது ஆண்டுகளில் உடை மாறியிருக்கிறது, அறை மாறவில்லை. நிமிர்ந்தவள் குனிவதைக் காதல் நகைச்சுவை என்று ரசித்துப் பழகிய ஒரு கலைக்குக் குனிந்தவள் நிமிர்வதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனதில் வியப்பில்லை.

இத்தனைக்கும் நம் பழைய காதல் இலக்கியம் இவ்வளவு வாயில்லாததும் அல்ல. மருதத் திணைக்கு உரிப்பொருளே ஊடல். பரத்தையிடம் போய்வந்த தலைவனுக்காகத் தூது வருகிறவர்களை வீட்டுக்குள் விடாமல் திருப்பி அனுப்புவதற்கு 'வாயில் மறுத்தல்' என்று தனித் துறையே வகுத்து வைத்திருந்தார்கள். திருக்குறளின் 132ஆம் அதிகாரமான புலவி நுணுக்கத்தைப் படித்தால், அப்படியே மேடையேற்றக்கூடிய ஒரு காதல் நகைச்சுவை கிடைக்கும். அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், உடனே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த முறை அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். யார் நினைப்பதை மறைக்கிறீர் என்று அதற்கும் அழுகிறாள். பேசாமல் அவளையே ரசித்துப் பார்க்கிறான். என்னை யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர் என்கிறாள். இந்தப் பெண்ணை எவனும் எளிதில் ஏய்த்துவிட முடியாது. ஆனால் ஒன்று: வாயில் மறுக்கும் பாட்டுகள் பலவற்றில் வாசலில் நின்று பேசுவது தோழிதான். தலைவி உள்ளே இருக்கிறாள். வாணிக்கு ராணி வேண்டியிருந்த பழக்கம் 1972இல் சலீம்-ஜாவேத் கண்டுபிடித்ததல்ல போலும்.

பயந்த பெண் தானே வாய் திறக்கக் கற்கும் ஒரு காதல் நகைச்சுவையை யோசிக்க, மலேசியாவின் தஞ்சோங் மாலிம் தோதான ஊர். பேராக் மாநிலத்தின் தென்கோடி. பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். கோலாலம்பூரிலிருந்து வடக்கே வரும் கொமுட்டர் ரயிலுக்கு இதுதான் கடைசி நிலையம். பாவ் (ஆவியில் வேகவைத்த சீன ரொட்டி) சாப்பிட வருகிறவர்களுக்கு 1926இலிருந்து இயங்கும் யிக் முன் கடை, கார் தெரிந்தவர்களுக்கு 2003இல் ஓடத் தொடங்கிய புரோட்டோன் தொழிற்சாலை. சரித்திரம் படித்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1952 மார்ச்சில், ஊருக்கு அருகே கம்யூனிஸ்டுகள் பதுங்கித் தாக்கிப் பன்னிரண்டு பேரைக் கொன்றபோது, பிரிட்டிஷ் ஹைகமிஷனர் டெம்ப்ளர் நேரில் வந்து, தகவல் சொல்லாத குற்றத்துக்காக ஊரையே கூட்டி வைத்துத் திட்டினார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு. அரிசிப் பங்கீடும் குறைந்தது. பிறகு வீடுவீடாகக் காகிதம் கொடுத்து, தெரிந்ததைப் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். வாய் திறக்காததற்காக உலகப் பத்திரிகைகளில் இடம்பிடித்த ஊர் வேறு எத்தனை இருக்கும்?

ஆனால் அந்த ஊரைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு வாய் திறப்பதற்கு என்ன பழக்கம் இருந்தது? ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பேர் கூப்பிட்டால் பதில் சொல்லி, மற்ற நேரம் கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் 'சரிங்க ஐயா' சொல்லிப் பிழைத்த வாழ்க்கை. பெண்ணுக்கு அதிலும் ஒரு படி கீழே. 1920களின் கடைசியில் மலாயாத் தோட்டங்களில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வேலைக்காட்டிலிருந்து திரும்பி லயத்து வீட்டில் இன்னொரு முழு வேலை. திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போட்டபோது எம்.ஜி.ஆர். சவுக்கைப் பிடுங்கியதும் விசில் பறந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தனக்குப் பதிலாக யாரோ ஒருவர் சொல்லிவிட்டார் என்ற நிம்மதி அது.

நிம்மதி பொய்யல்ல. ஆனால் இதே தோட்டங்கள் வேறு விதமாகவும் நடந்துகொண்டது உண்டு. 1943இல் நேதாஜி பெண்களுக்காக ஜான்சி ராணிப் படை அமைத்தபோது, அதில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அதில் பதினாறு வயதில் சேர்ந்த ஒருவர், பிற்காலத்தில் ராசம்மா பூபாலன் என்று நாடறிந்த ஆசிரியை. 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தொழிற்சங்கம் கண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வேண்டும் என்று அந்தப் பத்தாண்டு முழுக்கப் போராடியவர்களில் முன்னால் நின்றவர். 1969இல் அது கிடைத்தது. அவர் எந்தக் காலத்திலும் யாருக்கும் அடங்கிப்போனவராகத் தெரியவில்லை, ஆகவே நம் நகைச்சுவைக்கு நாயகியாகமாட்டார். அவரால் சம்பளம் கூடிய ஆயிரக்கணக்கான சாதுவான டீச்சர்களில் ஒருத்திதான் நாயகியாக முடியும். சங்கக் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, கை தூக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கூட்டத்தை முடித்துவிடும் ஒருத்தி.

தஞ்சோங் மாலிமில் டீச்சர்களுக்குப் பஞ்சமில்லை. 1922இல் மலாய் ஆண்களுக்கென்று தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் கல்லூரி, 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாகி, இப்போது தமிழ்க் கல்வியும் கற்றுத்தருகிறது. பால்மரம் வெட்டியவர்களின் பேத்திகள் இங்கே ஆசிரியைக்குப் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிலையத்தில் போய் நின்றால் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். மலேசியத் தமிழ்ப் படக்காரர்களுக்குக் காதல் நகைச்சுவை புதிதல்ல. 2014இல் பிரகாஷ் ராஜாராம் எடுத்த 'வெண்ணிற இரவுகள்' படப்பிடிப்புக்கு ஆப்பிரிக்காவின் மாலி நாடு வரைக்கும் போனது. 2019இல் கவி நந்தன் 'வெண்பா' தந்தார். பெண் இயக்குநரான விமலா பெருமாளின் 'வெடிகுண்டு பசங்க' 2018இல் அரங்குகளை நிரப்பியது. மாலி வரை போனவர்களுக்கு மாலிம் எவ்வளவு தூரம்? ஒரு கொமுட்டர் டிக்கெட். படம் எடுக்க ஆள் கிடைக்கும்வரை அதைக் காகிதத்திலாவது ஓட்டிப் பார்க்கலாம்.

நாயகி மூன்றாம் ஆண்டு மாணவி. ரயிலிலிருந்து ஐந்து பைகளோடு இறங்குகிறாள், ஒன்றுதான் அவளுடையது. மற்ற நான்கின் சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள். வாடகை வீட்டில் ஆறு பேர். எரிவாயுத் தோம்பு தீரும் நாளில் வீட்டில் இருப்பவள் எப்போதும் இவள்தான், ஆகவே வாங்குவதும் இவள்தான். தாபாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கப் போனால் ஆறு பேருக்கும் வாங்குவாள்; நாலு பேர் காசு அடுத்த வாரம் வரும், அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரமும் வரும்.

"தங்கச்சி, அந்த ஸ்லைட மட்டும் நீயே செஞ்சிரும்மா. நீ செஞ்சாதான் நீட்டா இருக்கும்."

"சரிக்கா."

"அப்படியே என் பேரையும் மொத போட்ரு."

"சரிக்கா."

இந்த இரண்டாவது 'சரிக்கா'வில்தான் படம் தொடங்குகிறது. முதலாவதில் ஒரு நல்ல பெண் இருக்கிறாள். இரண்டாவதில் ஏமாளி வந்துவிடுகிறாள். இரண்டுக்கும் நடுவில் அவள் முகத்தில் ஒரு கணம் என்னவோ ஓடி மறைய வேண்டும். நல்ல நடிகையாகப் பார்த்துப் பிடிக்க வேண்டியது இந்த ஒரு கணத்துக்காகத்தான்.

காதலன் புரோட்டோனில் ஷிப்டு வேலை பார்ப்பவன். மோட்டார் வைத்திருக்கிறான். அவனும் இவளைப்போலவே யார் மனமும் கோணாமல் நடப்பவன் என்று வைத்தால் முதல் சந்திப்பிலேயே சிரிப்பு கியாரண்டி. எங்கே சாப்பிடலாம் என்று அவன் கேட்கிறான். உங்களுக்கு எது பிடிக்குமோ அங்கே என்கிறாள். இல்ல, நீங்க சொல்லுங்க. இல்ல, நீங்களே சொல்லுங்க. மாமாக் கடையைத் தாண்டுகிறார்கள். அவன் வேகத்தைக் குறைக்கிறான், அவள் ஒன்றும் சொல்லவில்லை, வேகத்தைக் கூட்டுகிறான். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை வருகிறது, போகிறது. பாலத்தைத் தாண்டிச் சிலாங்கூருக்குள் போய் மறுபடி பேராக்குக்குள் வருகிறார்கள். கடை மேல் கடையாக இரும்புக் கதவு இழுத்து மூடும் சத்தம். கடைசியில் பெட்ரோல் நிலையத்தில் ஆளுக்கொரு ரொட்டிப் பொட்டலம். "நல்லா இருக்குங்களா?" "ரொம்ப நல்லா இருக்கு." இருவருக்குமே அந்த வகை ரொட்டி பிடிக்காது என்பது கல்யாணத்துக்குப் பின்தான் தெரியும்.

ஹாலிவுட்டுக்கு இந்தப் பெண் பழக்கமானவள். அங்கே வழக்கமான சிகிச்சை கண்ணாடியைக் கழற்றி, தலைமுடியைத் திருத்தி, மாடிப்படியில் மெதுவாக இறங்க வைப்பது. கொஞ்சம் யோசித்து எழுதியவர்களும் இல்லாமல் இல்லை. 2008இல் வந்த '27 டிரஸ்ஸஸ்' படத்தின் நாயகி இருபத்தேழு தோழிகளின் கல்யாணத்தில் மணப்பெண் தோழியாக நின்று, அவர்கள் பையைத் தூக்கி, பாவாடையைப் பிடித்தவள். அவள் கடைசியில் பொங்கும்போது, சொந்தத் தங்கையின் பொய்களை எல்லார் முன்னாலும் திரையில் படமாக ஓட்டிவிடுகிறாள். அதைப் பார்த்த நெருங்கிய தோழியே, நீ செய்தது சரியென்றால் இப்போது உனக்கு நன்றாக இருந்திருக்குமே என்கிற மாதிரி கேட்டுவிடுகிறாள். அந்தப் படத்தில் உருப்படியான இடம் அதுதான். பல வருடம் அடக்கி வைத்தது வெளியே வரும்போது அளந்து வராது. தப்பான ஆளிடம், தப்பான நேரத்தில், தேவைக்குப் பத்து மடங்கு சத்தத்தோடு வரும். வாணிக்குப் பதில் ராணி வந்து திட்டும் படங்களில் இந்த அசிங்கம் கிடையாது. ராணிக்குப் பழக்கம் இருக்கிறது, குறி தவறாது. சிரிப்பு இருப்பது குறி தவறுவதில்.

நம் நாயகியும் முதலில் குறி தவறுவாள். ஸ்லைடு கேட்ட அக்காவுக்கு வாட்ஸாப்பில் எழுதுகிறாள்: அக்கா, கோவிச்சுக்காதீங்க, எனக்கு இந்த வாரம் கொஞ்சம் வேலை இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்குச் செய்யக் கூடாதுன்னு இல்ல, அடுத்த வாரம்னா கண்டிப்பா, இந்த வாரம் மட்டும்... அழிக்கிறாள். பாதியாகக் குறைத்து எழுதுகிறாள். மன்னிப்பு அதிகமாகத் தெரிகிறது, அழிக்கிறாள். மன்னிப்பில்லாமல் எழுதுகிறாள். திமிராகத் தெரிகிறது, அழிக்கிறாள். அந்தப் பக்கம் அக்கா, இவள் இருபது நிமிடமாக ஏதோ தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதறிப்போய் "என்ன ஆச்சு தங்கச்சி?" என்று கேட்கிறாள். "ஒண்ணும் இல்லக்கா, ஸ்லைட் முடிஞ்சிருச்சு." அன்று மாலையே பாவ் கடையில், இன்னொன்று வேண்டுமா என்று தன்மையாகக் கேட்ட சீனப் பெரியவரிடம், கடையே திரும்பிப் பார்க்கும்படி "வேண்டாம்!" என்று கத்துகிறாள். பிறகு வெட்கம் தாங்காமல் ஆறு பாவ் வாங்கிக்கொண்டு வருகிறாள்.

தமிழில் இந்த வகைக்குக் கிட்டத்தில் வந்த படங்களைச் சொல்ல வேண்டும். 2012இல் இந்தியோடு தமிழிலும் வந்த கௌரி ஷிண்டேயின் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்'. லட்டு செய்து விற்கும் சசி, நியூயார்க்கில் ஒரு காப்பிக் கடையில் ஆங்கிலம் வராமல் அவமானப்பட்டு, யாருக்கும் தெரியாமல் நாலு வார வகுப்பில் சேர்கிறாள். அங்கே ஒரு பிரெஞ்சுச் சமையல்காரருக்கு அவள்மேல் காதல். அவள் அதை ஏற்கவுமில்லை, ஏளனம் செய்யவுமில்லை. தன்னைத் தனக்குப் பிடிக்க வைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வருகிறாள். ஸ்ரீதேவி அதைச் செய்த விதத்தில் ஒரு சின்ன மிடுக்கும் இருந்தது. 2015இல் ஜோதிகா எட்டு ஆண்டு இடைவெளிக்குப்பின் வந்த '36 வயதினிலே'. வீட்டில் கணவனும் மகளும் மட்டந்தட்டும் வசந்தி, மொட்டைமாடியில் காய்கறி வளர்த்து நிமிர்கிறாள். அவள் யாராக இருந்தாள் என்று நினைவூட்ட அங்கேயும் ஒரு கல்லூரித் தோழி வர வேண்டியிருக்கிறது. இரண்டுமே நல்ல மனதோடு எடுத்த படங்கள். ஆனால் இரண்டிலும் நாயகி குழந்தை பெற்று வளர்த்து, பாதி ஆயுளை 'சரி' என்று சொல்லிக் கழித்த பிறகுதான் கதை தொடங்குகிறது. காதலிக்கும் வயதிலேயே ஒருத்தி 'மாட்டேன்' சொல்லப் பழகினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குள் அவை போகவில்லை.

மலையாளத்தில் விபின் தாஸ் போனார். 2022இல் வந்த 'ஜய ஜய ஜய ஜய ஹே' படத்தின் ஜெயாவுக்கு என்ன படிப்பது என்பதைக்கூட வீட்டார்தான் முடிவு செய்கிறார்கள். பெண்ணுரிமை பேசிக் காதலித்த விரிவுரையாளர்கூட அவளுக்கு உத்தரவு போடுகிறார். கட்டிக்கொண்டவனோ தினமும் இடியாப்பம் கேட்கிறான், கோபம் வந்தால் கை நீட்டுகிறான். அவள் கைபேசியைப் பார்த்து ரகசியமாகத் தற்காப்புக் கலை பழகி, ஒரு நாள் அவனை உதைத்துத் தள்ளுகிறாள். உதையைவிட அந்த இடியாப்பம்தான் மனதில் நிற்கிறது. கொடுமைக்காரன் என்று தனியாக வில்லன் முகம் யாருக்கும் இல்லை; பசித்தவன், செல்லமாக வளர்ந்தவன், இடியாப்பம் பிடித்தவன். அடக்குகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள். பழைய படத்து வில்லன் நம்பியாராக இருந்தால் எதிர்ப்பது எளிது.

என்றாலும் உதை, சவுக்கு இரண்டும் ஒரே ஜாதி. தஞ்சோங் மாலிமில் வேறொரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஊரின் தொழிலே அது. மறுத்துப் பேசுவது இங்கே பாடத்திட்டத்தில் இருக்கிறது, வகுப்பறைக் கட்டுப்பாடு என்ற பெயரில். எல்லார் தலையாட்டலுக்கும் தலையாட்டும் அந்தப் பெண் பயிற்சிக்காகத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குப் போகிறாள். இரண்டாம் ஆண்டு வகுப்பு, எட்டு வயது வாண்டுகள். ஏமாளியை மோப்பம் பிடிப்பதில் அவர்களை மிஞ்ச உலகத்தில் ஆளில்லை. முதல் நாள் கழிவறைக்குப் போகக் கேட்ட ஒருவனை அனுப்புகிறாள். பத்து நிமிடத்தில் பாதி வகுப்பு காலி. இரண்டாம் நாள், "டீச்சர், இன்னிக்கு விளையாடலாமா?" மூன்றாம் நாள் அந்தக் கேள்வி இல்லை, விளையாட்டு மட்டும் இருக்கிறது. பின்னால் மேற்பார்வையாளர் குறிப்பேட்டில் ஏதோ எழுதுகிறார், எழுதிக்கொண்டே இருக்கிறார்.

இங்கேதான் அவள் கற்க வேண்டும், வேறு வழியில்லை. குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுக்க முடியாது. அது அந்த மன்னிப்பைப் பிடித்துக்கொள்ளும். கத்தியும் பயனில்லை, ஒரு வாரம் பயப்படும், அடுத்த வாரம் கத்துவதைப்போல நடித்துக் காட்டும். காரணம் மூன்று சொன்னால் மூன்றுக்கும் பதில் வைத்திருக்கும். முகத்தில் சிரிப்பு மாறாமல், குரல் ஏறாமல், ஒரே ஒரு வாக்கியத்தில், பிறகு வேறு பேச்சில்லாமல் சொல்ல வேண்டும்: "இப்ப இல்ல, மணி அடிச்ச பிறகு." சொன்னபின் அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருப்பதையும் தாங்கிக்கொள்ள வேண்டும். ஓய்வுநேரத்தில் அதே பிள்ளை வந்து இவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கும். அதுதான் அவளுக்குப் பெரிய அதிசயம். மறுத்தால் வெறுத்துவிடுவார்கள் என்ற இருபத்து மூன்று வருட நம்பிக்கையை எட்டு வயது வாண்டு ஒன்று பொய்யாக்கிவிட்டுப் பல்லிளிக்கிறது. கராத்தே வேண்டாம், இரட்டைப் பிறவி வேண்டாம், கண்ணாடியைக்கூடக் கழற்ற வேண்டாம்.

அன்றிரவு அக்கா வருகிறாள். "தங்கச்சி, இந்த ஸ்லைட்..." "இந்த வாரம் முடியாதுக்கா." அவ்வளவுதான். இவள் தயாராக வைத்திருந்த அடுத்த எட்டு வாக்கியங்களுக்கு வேலையே இல்லை. அக்கா, சரி, பரவால்ல என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக் கதவைத் தட்டப் போகிறாள். அக்காமார்கள் கேட்பது நம்மை ஒடுக்கவல்ல. நாம் கொடுத்ததால் கேட்டார்கள். ஏமாளிகளுக்கு இது கொஞ்சம் அவமானமான கண்டுபிடிப்பு. இத்தனை வருடத் தியாகத்தை யாரும் தியாகம் என்று கணக்கில் வைத்திருக்கவே இல்லை. படத்தில் அழவேண்டிய இடம் உண்டென்றால் அது இந்த இடம், சிரித்துக்கொண்டே.

காதல் என்ன ஆகிறது? இந்த இடத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பின்வாங்குவார்கள். 'பிக்மேலியன்' நாடகத்தில் பெர்னாட் ஷா, தன்னை உருவாக்கிய பேராசிரியரையே எலைசா கட்டிக்கொள்ளமாட்டாள் என்று உறுதியாக நின்றார். மேடைக்காரர்களும் சினிமாக்காரர்களும் அவரை விடவில்லை, இருவரையும் ஜோடி சேர்க்காமல் ஓயவில்லை. நம் கதையில் அந்தச் சிக்கல் இல்லை, காதலன் இவளை உருவாக்கவில்லை. அவனுக்கு வேறு சிக்கல். எதற்கும் 'உங்க இஷ்டம்' சொன்ன பெண்ணைத்தான் அவன் விரும்பினான். இப்போது மோட்டார் கிளம்புமுன்பே, "எனக்கு மீ கோரேங். அந்தப் பாலத்துக்கிட்ட இருக்கிற கடை" என்கிறாள். அவனுக்கு முதலில் பெரிய நிம்மதி. பிறகு லேசான கலக்கம். கடைசியில் துணிச்சல் வந்து, தனக்கு மீ கோரேங் பிடிக்காது என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் சொல்கிறான். இருவரும் நடுரோட்டில் மோட்டாரை நிறுத்திச் சண்டை போடுகிறார்கள். வள்ளுவர் பார்த்திருந்தால் பதினோராவது குறள் எழுதியிருப்பார்.

தயாரிப்பாளர் ஒருவரிடம் இதைச் சொன்னால் கேட்கப்போவது தெரிந்ததே. வில்லன் யார்? சண்டைக் காட்சி எங்கே? பொண்ணுக்கு ஒரு தங்கச்சி, அதுவும் அவங்களே நடிக்கலாமே? அதற்கெல்லாம் பதிலாக ஒரு பெரியம்மாவைத் தரலாம். மலேசியத் தமிழ்க் குடும்பத்தில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதும் மண்டபம் பிடிப்பதும் அப்படி ஒரு பெரியம்மாவின் கையில்தான் இருக்கும். ஈப்போவிலிருந்து வந்து இறங்கி, யாரையும் கேட்காமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடுகிறார். அந்தத் தேதியில் நாயகிக்குப் பரீட்சை. பெரியம்மா இதுவரை யாரிடமும் 'முடியாது' என்ற பதிலைக் கேட்டதில்லை. எட்டு வயது வாண்டுகளுக்குச் சொன்ன அதே குரலில், அதே சிரிப்போடு, "இப்ப இல்லங்க பெரியம்மா, பரீட்சை முடிஞ்ச பிறகு" என்று அவள் சொன்னதும், கூடம் முழுக்கத் தட்டில் கை நின்றுவிடுகிறது. முன்பணம் ஆயிரம் வெள்ளி. மண்டபக்காரர் திருப்பித் தரமாட்டார். தேதி மாற்றினால் மேலே இருநூறு. யார் கொடுப்பது என்று இரண்டு வீட்டாரும் பேசத் தொடங்குகிறார்கள், இடைவேளைக்குப் பிந்திய பாதி முழுவதும் பேசுகிறார்கள்.